முழங்கால் கறை

பழைய ஊர் பாழாய்ப்போனதற்கு மூன்று கதைகள் உண்டு. மூன்றிலும் ஒரே பெண்தான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் நிற்பாள். டீக்கடையில் சொல்லும் கதையில் அவள்மேல் திருட்டுப் பட்டம் கட்டினார்கள். அவள் வயிறெரிந்து மண்ணை வாரித் தூற்றினாள். முடிவெட்டும் கடையில் சொல்லும் கதையில் ஆலை மேனேஜர் அவளை ஆசைகாட்டி மோசம் செய்தான். முடிவெட்டுகிறவருக்கு எந்தக் கதையிலும் ஒரு காதல் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கத்தரி ஓடாது. மூன்றாவது கதை லாட்ஜ்காரருடையது. அதற்கு டிக்கெட் உண்டு.

லாட்ஜ்காரர் கதையில் அவள் தன் இளைய பிள்ளையையே காவு கொடுத்துவிட்டு ஊரைச் சபித்தாள். இன்றைக்கும் ஆளில்லாத அந்தத் தெருவில் அவள் துணி துவைக்கும் சத்தம் கேட்கும். கேட்கத்தான் செய்யும். இடிந்த தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் அவரே ஒரு ஸ்பீக்கரை ஒளித்துவைத்திருந்தார். வெளியூர்க்காரர்கள் வேனில் வந்து இறங்கி, அதைக் கேட்டு நடுங்கி, அப்புறம் அவர் லாட்ஜிலேயே தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நாய் விற்ற காசு குரைக்கவா போகிறது?

அந்தச் சத்தத்தை அவர் பதிவு செய்தது, ஆற்றுக்கு இக்கரையில் ஜனங்கள் குடியேறிய புது ஊரில், சலவைக்கடையின் பின்கட்டில். கல்லில் துணியை அடித்துக்கொண்டிருந்தவன் அந்தப் பெண்ணின் மூத்த மகன். "நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு தம்பி, சத்தம் நல்லா இருக்கு" என்று சொல்லிப் போனை நீட்டிப் பிடித்தார் மனிதர். பெற்ற தாயைப் பேயாக்கத் தானே தாளம் போட்டோம் என்று அவனுக்குத் தெரியவர வெகுநாள் ஆயிற்று. தெரிந்ததும் போய்ச் சண்டை போட்டான். மறுநாள் அழுக்கு விரிப்புகளை எடுத்துவர அதே லாட்ஜுக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனான். கடை ஓடுவதில் பாதி அந்த விரிப்புகளால்தான்.

ஊரில் அவனுக்குப் பெயர் நீலம். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுப் போட்டு அவன் நகக்கண்ணெல்லாம் நீலமாகிவிட்டது. அது அவனை நேரில் கூப்பிடும் பெயர். முதுகுக்குப் பின்னால் அவன் 'சாபக்காரி மகன்'. பள்ளிக்கூடத்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். யார் வீட்டு மாடு செத்தாலும் அன்றைக்கு அவன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். "யார் கேட்டாலும் அம்மா ஒண்ணும் சொல்லலன்னு சொல்லுடா" என்பாள். அவனும் சொன்னான். அடி வாங்கிக்கொண்டு சொன்னான், அழுதுகொண்டு சொன்னான், வளர்ந்தபிறகு சட்டையைப் பிடித்துச் சொன்னான். 'எங்கம்மா ஒண்ணும் சொல்லல.' சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பியும்விட்டான். ஊர் வாயை உலைமூடி போட்டு மூட முடியாது என்பார்கள். தன் மனசை மூட அந்த ஒரு வரி அவனுக்குப் போதுமாக இருந்தது.

அம்மா கண்ணை மூடியபிறகு கடை அவனுடையதாயிற்று. அவள் வைத்த முறைகள் எதையும் அவன் மாற்றவில்லை. அதில் ஒன்று, பிள்ளைத்துணி எடுப்பதில்லை. வேட்டி, சேலை, விரிப்பு, திரைச்சீலை எதுவானாலும் கொடுக்கலாம். ஒரு கைக்குழந்தையின் கவுன்கூட அந்தக் கடை வாசலைத் தாண்டாது. மூத்திர வாடைக்குப் பயந்துதான் அம்மா அப்படி வைத்தாள் என்று ஊர் நினைத்தது. அவனும் அப்படித்தான் நினைத்தான்.

வெகுகாலம் அவனுக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் வெளியூர்க்காரி ஒருத்தி வந்தாள். அவள் வீட்டில் "சாபக்காரி வீட்டுக்கா போறே?" என்று குதித்தபோது, "சாபமாவது மண்ணாங்கட்டியாவது" என்று சொல்லிவிட்டு வந்தவள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவளைத் தலையில் வைத்துக்கொண்டாடினான் நீலம். இருந்ததென்னவோ கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளாவி அண்டா, அதாவது துணியை ஆவியில் வேகவைக்கும் பானை. ஆவி முழுக்க அறைக்குள் வந்து சுவரில் நீராய் வழியும். ஏங்கி ஏங்கிக் காத்திருந்து அங்கேதான் பாப்பா பிறந்தாள். பிறந்த நாளிலிருந்து அவளுக்கு இழுப்பு. மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். "ஈரத்துல வச்சிருந்தா எந்த மருந்தும் கேக்காது, முதல்ல வீட்டை மாத்துங்க" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மாற்றுவதற்கு வீடு வேண்டுமே! புது ஊரில் ஒரு அறைக்கு ஐந்து குடும்பம் போட்டி. அந்தச் சமயத்தில்தான் வாத்தியார் கிளம்பினார்.

ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. "அங்க கல்லுக் கல்லா வீடு சும்மா நிக்குது, இங்க ஜனங்க கோழிக்கூட்டுல கிடக்குது. ஒரு கட்டுக்கதைக்குப் பயந்து!" என்று கமிட்டி போட்டார். லாட்ஜ்காரர் கட்சி எதிர்த்தது. டீக்கடையில் கிளாஸ் உடைந்தது. மாமனும் மச்சானும் பேச்சை நிறுத்தினார்கள். வாத்தியார் பாயும் தலையணையுமாகப் போய்ப் பழைய ஊரில் ஒரு வாரம் படுத்துவிட்டு, கொழுகொழுவென்று திரும்பி வந்தார். ஸ்பீக்கரைக் கண்டுபிடித்துக் கையோடு கொண்டுவந்து டீக்கடை பெஞ்சில் வைத்தார். அன்றைக்கே பாதி ஊர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. கிணற்றைத் தூர்வாரி, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, சுத்தமான தண்ணீர் என்று பதிலும் வாங்கிவிட்டார். அந்தந்தக் குடும்பத்துக்கு அந்தந்தப் பழைய வீடு, வெள்ளையடித்து, சாவியோடு.

வாத்தியார் சலவைக்கடைக்கே வந்தார்.

"தம்பி, முதல் சாவி உனக்குத்தான். எல்லாருக்கும் முன்னால நீதான் உள்ள நுழையணும். 'எங்கம்மா சாபம் விடல'ன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். நீ காலை வச்சா ஊரே பின்னால வரும்."

நீலம் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலிருந்து எடுக்க மறந்து அப்படியே நின்றான். கண்ணில் தண்ணீர் முட்டியது. அம்மா கேட்காமல் போய்விட்டாளே என்று துடித்தான். அடியில் இருந்த சேலை கருகி வாடை வந்தபிறகுதான் சுயநினைவு வந்தது.

அவன் பெண்சாதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குடியேற்றத்துக்குச் சில நாள் முன்னாலேயே வாத்தியாரிடம் ஒருநாளைக்குச் சாவியை வாங்கி, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பழைய வீட்டைக் கழுவித் துடைக்கப் போனாள். சாயங்காலம் வந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, பாப்பா இன்னிக்குத் தவழ்ந்துட்டா! அந்தக் கூடத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். தரையைப் பாக்கணுமே, கண்ணாடி மாதிரி. இங்க தவழ எங்கங்க இடம் இருக்கு? எனக்கு முதுகு விட்டுப்போச்சு, அவ துணியை மட்டும் இன்னிக்கு நீங்க அலசிடுங்க."

பிள்ளைத்துணியை அவன் துவைத்தது அதுவே முதல் தடவை. இதுவரை அவள்தான் துவைப்பாள். தம்மாத்துண்டு கால்சட்டை, அவன் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் சோப்புப் போட்டான். முழுசும் வெளுத்தது, முழங்கால் இரண்டும் வெளுக்கவில்லை. சாம்பல் நிறத்தில் இரண்டு வட்டம். மறுபடி சோப்புப் போட்டான். எலுமிச்சை தேய்த்தான். சோடா போட்டு ஊறவைத்து, வெள்ளாவியில் ஏற்றி இறக்கினான். அந்த வட்டங்கள் அப்படியே இருந்தன. லாட்ஜ் விரிப்பின் வெற்றிலைக் கறையையே ஒரு கை பார்க்கிறவனுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. அவன் தொழில் கோபத்தோடு அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

அம்மா இப்படித்தான் பிடித்திருந்தாள். அவனுக்கு அப்போது ஏழெட்டு வயசு. பழைய ஊரில், இதே மாதிரி ஒரு கால்சட்டை. தம்பியுடையது. கொடி முழுக்க ஊர்ப் பிள்ளைகளின் துணிகள், எல்லாவற்றிலும் முழங்காலில் சாம்பல் வட்டம். "முழங்கால் வெளுக்க மாட்டேங்குதுடா" என்றாள் அம்மா. அப்புறம் வீடு வீடாகப் போய் எந்தப் பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, எந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறது என்று பார்த்தாள். வெளுக்காத துணிக்காரப் பிள்ளைகள்தான் கிடந்தன. தம்பி நடக்க ஆரம்பிக்கவேயில்லை. வெளுத்து வெளுத்து, வயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஒருநாள் போய்விட்டான். தம்பியைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு அம்மா நடுத்தெருவில் நின்றாள். அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவனும் நின்றான். அம்மா தலையை விரிக்கவில்லை, மண்ணைத் தூற்றவில்லை. குனிந்து தரையைத் தட்டிக் காட்டித் தொண்டை கிழியக் கத்தினாள்.

"இந்தத் தரையில தவழுற பிள்ளை ஒண்ணும் தேறாது!"

அவள் சொல்லியிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் இல்லை. அடுத்தடுத்துப் பிள்ளைகள் போகவும், எச்சரித்த வாயே எமன் வாய் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆலையும் ஒருநாள் கதவைப் பூட்டிக்கொண்டு போயிற்று. பிழைப்பும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று ஜனங்கள் ஆற்றைத் தாண்டி வந்தார்கள். வந்த இடத்தில் அவளை அடித்தார்கள். அன்றிலிருந்து அவள் வாயையும் மூடிக்கொண்டாள், பிள்ளைத்துணி எடுப்பதையும் நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் அந்தத் தாயின் வாயை அடைக்க அவனும் சேர்ந்தல்லவா அழுத்திப் பிடித்திருக்கிறான்! சலவைக்கல்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான் நீலம்.

மறுநாள் காலையில் ஓடியது கொத்தனாரிடம். பழைய ஊர் வீடுகளுக்குத் தரை போட்டவர். இப்போது கண் மங்கி, வாசலில் கயிற்றுக்கட்டிலில் கிடந்தார்.

"மாமா, அங்க தரையை எதுல போட்டீங்க?"

பெரியவருக்கு முகம் மலர்ந்தது. "எதுலயா? உலைச் சாம்பல்ல. ஆலையில பழைய பேட்டரியெல்லாம் உடைச்சு ஈயம் உருக்குவாங்கல்ல, அந்தக் கசடு மலை மாதிரி கிடக்கும். 'அள்ளிக்கிட்டுப் போங்க'ன்னுட்டான் மேனேஜரு. ஓசியில கெடைச்சா நம்மாளு பினாயிலையே குடிப்பான், விடுவானா? சாம்பலையும் சுண்ணாம்பையும் குழைச்சு இழைச்சேன் பாரு, அந்த வழவழப்பு இன்னைக்கு எந்தக் கொத்தனாருக்கு வரும்?"

"தெருவுக்கு?"

"தெருவு, முத்தம், கிணத்தடி, எல்லாத்துக்கும் அதான். முழங்கை ஆழம் கொட்டி மட்டம் பண்ணினோம். அந்த ஊரே நான் இழைச்ச தரைமேலதான் நிக்குது" என்றார் அவர், மெடல் வாங்கியவர் மாதிரி.

மேலே சிமெண்ட் பூசிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவனுக்கு அந்த நினைப்பும் செத்தது. வீட்டுக்குப் பூசலாம், தெருவுக்கு யார் பூசுவது?

வாத்தியாரிடம் ஓடினான். கால்சட்டையை மேஜைமேல் விரித்தான். வாத்தியார் கண்ணாடியைப் போட்டு அதைப் பார்த்தார், அப்புறம் அவனைப் பார்த்தார்.

"தம்பி, லாட்ஜ்காரன் ஏதாவது குடுத்தானா?"

"சார்! சத்தியமா இல்ல சார். தரையெல்லாம் ஆலை ஈயக்கசடாம், அந்த மண்ணை ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. உங்க கால்ல விழறேன்."

"தண்ணி சோதிச்சாச்சு, தண்ணி சுத்தம். மண்ணையா திங்கப் போறோம்?"

தவழுகிற பிள்ளை வேறென்னத்தைத் தின்னும்? கையை ஊன்றும், அந்தக் கையை வாயில் வைக்கும். நீலம் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வாத்தியார் முந்திக்கொண்டார். "சரி, எல்லாரும் குடியேறட்டும், மழைக்காலம் போகட்டும், உன் திருப்திக்கு அதையும் அனுப்பலாம். இப்ப போய் இதைக் கிளப்பினா, மறுபடி எல்லாம் பேய்க்கதைக்குத்தான் திரும்பும். இத்தனை பாடும் வீண். புரியுதா? வேற சோப்புப் போட்டுப் பாரு" என்று தோளில் தட்டி அனுப்பினார் வாத்தியார். பொய்யை ஒழிக்கக் கிளம்பியவர், பாவம், அதோடு சேர்த்து ஒட்டியிருந்த மெய்யையும் துடைத்துப் போட்டுவிட்டார்.

வீட்டில் சொன்னான். பெண்சாதி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே கடைசிப் பாத்திரத்தையும் உள்ளே போட்டாள். அப்புறம் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"கலியாணத்துக்கு முன்னாடி என்ன சொன்னீங்க? 'எங்கம்மா ஒண்ணும் சொல்லல.' அன்னையிலருந்து தினம் ஒரு தடவை அதையே சொன்னீங்க. இப்ப வீடு கையில வர்ற நேரத்துல சொன்னாங்கன்னு சொல்றீங்க. எதைங்க நான் நம்பறது?"

"நான் மறந்துபோயிட்டேன். மறக்கவச்சுட்டாங்க. இந்த முழங்காலைப் பாரேன்."

"அழுக்குங்க அது. வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்த வீடு, அழுக்கு இல்லாம?" அவள் சாக்கைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இந்த அறையில அவ மூச்சுக்கு அலையறதை தினம் நெஞ்சுமேல வச்சுக் கேக்கறவ நான். உங்களுக்கு முப்பது வருஷத்துக்கு முந்தின பிள்ளைங்க தெரியுது. எனக்கு இந்தப் பிள்ளைதான் தெரியுது."

அவளைக் குற்றம் சொல்ல யாரால் முடியும்? பக்கத்துத் தொட்டிலில் பாப்பாவின் நெஞ்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது. இங்கே இருந்தால் மூச்சு, அங்கே போனால் உயிர். முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும் என்கிற கதைதான். நீலம் நிலைப்படியில் தலையை முட்டிக்கொண்டான்.

குடியேறும் நாளும் வந்தது. பழைய ஊர் எல்லையில் சாமான் வண்டிகள் வரிசையாக நின்றன. கட்டில் கால்களும் பானைகளும் கோழிக்கூடைகளும். பிள்ளைகள் அதற்குள்ளாகவே வண்டியை விட்டுக் குதித்துத் தெருவில் புரண்டார்கள். ஒன்று ஈர மண்ணை உருட்டி லட்டு பிடித்துக்கொண்டிருந்தது. வாத்தியார் ஒரு ஸ்டூல்மேல் ஏறி, "ஒரு அபலைப் பெண்மேல் சுமத்திய பழி இன்றோடு தீர்ந்தது" என்று பேசினார். கைதட்டினார்கள். அம்மாவை அடித்த கைகளும் அதில் இருந்தன. அப்புறம் சாவியை நீட்டி, "சொல்லு தம்பி" என்றார்.

அவனுக்கு அந்த நிமிஷத்தில் கிடைக்காதது ஒன்றுமில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அம்மா பேர் வெளுத்துவிடும். அவன் மகள் சாபக்காரி பேத்தி என்ற சொல்லைக் கேட்காமல் வளருவாள். மண்லட்டு பிடித்த பிள்ளை அதை வாய்க்குக் கொண்டுபோனது. நீலம் பாய்ந்து அதைத் தட்டிவிட்டான். பிள்ளை அலறியது. எல்லாரும் திகைத்து நிற்க, உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள், பொய்யைச் சொன்னால்தான் ஓடுவார்கள் என்று அவனுக்குப் பளிச்சென்று தெரிந்துபோயிற்று.

குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினான்.

"எங்கம்மா சொன்னா! நீங்க சொல்றதெல்லாம் நிஜம்! இந்தத் தரையில தவழுற பிள்ளை ஒண்ணும் தேறாது. அவ விட்ட சாபம் தீரல, இப்ப நான் விடறேன். காலை வச்சுப் பாருங்கடா! உங்க வீட்டுத் தொட்டில் எல்லாம் காலியாப் போகும்! என் வீட்டுத் தொட்டிலும் சேத்துத்தான்!"

மண் காற்றில் பறந்து அவன் தலையிலேயே விழுந்தது. அப்புறம் யாரோ ஒரு தாய் வீறிட்டுத் தன் பிள்ளையை வாரினாள். அவ்வளவுதான், கோழிகளும் பானைகளும் உருள வண்டிகள் திரும்பின. ஓடுகிற அவசரத்திலும் இரண்டு பேர் அவனைக் கல்லால் அடித்துவிட்டு ஓடினார்கள். வாத்தியார் ஸ்டூலிலிருந்து இறங்கவே இல்லை. "படுபாவி, ஜனங்களை மறுபடி இருட்டுல தள்ளிட்டியேடா" என்று சொன்னபோது அவர் உதடு கோணியது. கல்லடியைவிட அது வலித்தது நீலத்துக்கு. லாட்ஜ்காரர் ஒருவர்தான் சந்தோஷமாக வந்தார். "பிரமாதம் தம்பி! உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. சனி ஞாயிறு வந்து வேன்காரங்களுக்கு முன்னால இதையே கொஞ்சம் செஞ்சு காட்டிடேன்." நீலம் அவர்மேல் காறித் துப்பினான்.

திரும்பிப் பார்த்தபோது அவன் பெண்சாதி வாத்தியார் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறே?"

"என் வீட்டுக்கு."

"நான் இப்ப சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துது. ஊர் நம்பும், நான் நம்பமாட்டேன்" என்றாள் அவள், பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு. "சாபத்தை நம்பாம உங்களைக் கட்டிக்கிட்டவ நான். நம்பியிருந்தா அன்னிக்கே வந்திருக்கமாட்டேன்."

ஊரே பயந்து ஓடிய சாபம், யாருக்காக விட்டானோ அவளிடம் பலிக்கவில்லை. ஆளற்ற தெருவில் அவள் செருப்புச் சத்தம் போய், கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவன் பின்னால் ஓடிப் பிள்ளையைப் பிடுங்கப் பார்த்தான். "எங்க கொண்டுபோவீங்க? அந்த ஆவி அறைக்கா?" என்று அவள் கேட்டதும் கை தானாக விட்டுவிட்டது. கூடத்தின் நடுவில் அவள் பாப்பாவை இறக்கிவிட்டாள். தரை கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. பாப்பா அதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நாலு காலில் கிளம்பினாள்.

நீலம் கடைக்கு ஓடினான். சைக்கிள் வண்டியில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டான். லாட்ஜ் விரிப்புகள், யார் யார் வீட்டுத் திரைச்சீலையோ, வேட்டியோ, கஞ்சி போட்டு மடித்து வைத்த அத்தனையும். கூடத்தில் விரித்தான், அடுக்களையில் விரித்தான், அறையில் விரித்தான். ஒன்றன்மேல் ஒன்று போட்டு ஓரத்தில் செங்கல் வைத்தான். வீடே வெள்ளைவெளேர் என்று ஆயிற்று. பாப்பாவுக்கு அது ஒரே கும்மாளம். விரிப்பின் விளிம்புக்குப் போவாள், அதைச் சுருட்டிக்கொண்டு தரைக்கு இறங்குவாள். அவன் தூக்கிக்கொண்டுவந்து நடுவில் விடுவான். திரும்ப அவள் விளிம்புக்குப் போவாள். அவன் கும்பிட்டான். "வேண்டாண்டி கண்ணு, அப்பா சொல்றேன்ல" என்று கெஞ்சினான். அவள் அதையும் விளையாட்டென்று நினைத்தாள்.

களைத்துப்போய் அவள் தூங்கியதும், பெண்சாதி அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"கேளுங்க. விசில் சத்தம் கேக்குதா?"

கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பாப்பா சத்தமில்லாமல் மூச்சுவிட்டுத் தூங்கினாள். பெண்சாதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீலம் பிள்ளையின் கையை விரித்துப் பார்த்தான். ஈரமான விரல்களுக்கிடையில் சாம்பல் அப்பியிருந்தது. தன் சட்டை நுனியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

அப்படியே சில நாள் ஓடியது. அவன் வேலைக்குப் போகவில்லை. வேலை கொடுக்கவும் ஆளில்லை. பாப்பா விழித்திருக்கும் நேரமெல்லாம் தூக்கிவைத்துக்கொண்டே திரிந்தான். அவள் இறங்கவேண்டும் என்று காலை உதைத்து, அவன் முகத்தைப் பிறாண்டி அழுவாள். "எத்தனை நாளைக்குங்க தூக்கிக்கிட்டே இருப்பீங்க?" என்று பெண்சாதி கேட்டாள். தோள் விட்டுப்போகும் நேரத்தில் கீழே விட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது.

லாட்ஜிலிருந்து விரிப்பைக் கேட்டு ஆள் வந்து கத்திவிட்டுப் போனான், அதுவும் தெரு எல்லையில் நின்றுகொண்டே. மறுநாள் காலையில் பெண்சாதிதான் விரிப்புகளை வாரிச் சுருட்டிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். ஒன்றை உதறி விரித்தவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளைத்துணியின் குறுக்கே, விளிம்பிலிருந்து நடு வரைக்கும், ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு சாம்பல் கோடு. பாப்பா தரைக்குப் போய்த் திரும்பி வந்த வழி.

சோப்புப் போட்டாள். போகவில்லை. நீலம் சலவைக்கல்லுக்கு இந்தப் பக்கம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் எலுமிச்சையை வெட்டித் தேய்த்தாள். சோடாவைக் கொட்டினாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்து ஊற்றிக் கல்லில் அடித்தாள். ஆளில்லாத தெருவெல்லாம் அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. சூரியன் உச்சிக்கு வந்தபோது துணி நைந்து கிழிந்தது. இரண்டு கோடும் இருந்தன.

"மூணு நாளா பால் குடிச்சா எதுக்களிக்கறா" என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். "வயித்தைச் சுருட்டிக்கிட்டு அழறா. பல்லு முளைக்குதுன்னு நெனச்சேன்."

அப்புறம் எழுந்து வந்து பாப்பாவை அவன் இடுப்பிலிருந்து வாங்கினாள். சலவைக்கல்மேல் உட்காரவைத்து, ஒரு கையால் அந்தச் சின்னக் காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சோப்பை எடுத்து முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். பாப்பா முதலில் சிரித்தாள். பிறகு தோல் சிவந்து வீறிட்டு அழுதாள். "போதும்டி, விடுடி, கிளம்பிடலாம் வா" என்று நீலம் அவள் கையைப் பிடித்தான். அவள் அவனை உதறித் தள்ளிவிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.